பாக்கெட்டில் ஒரு கை

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடோனில் எல்லோரும் அவர் முன்னால் கைகட்டி நிற்க, மூட்டை தூக்குகிற ஒருவன் மட்டும் வலது கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தான்.

"திமிராடா? எடு கையை!"

அதற்குள் தூசியில் அவனுக்கு இருமல் வந்தது. பாக்கெட்டுக்குள் கை இறுகியது. அவர் குரல் மாறியது.

"ரூமுக்கு வா."

வேலை போச்சு என்றே நினைத்து வந்தான். அவர் கதவைச் சாத்தினார்.

"இன்னொரு தடவை இருமு."

இருமினான். கை தொடை இடுக்கை அமுக்கியது.

"குடல் இறங்கியிருக்கா?"

அவன் கண் கலங்கியது. "வெளியில சொல்ல வெக்கம் சார். வேலையும் போயிடுமோன்னு..."

"குடல் சிக்கிக்கிட்டா உயிரே போயிடும்டா. ஆபரேஷன் பண்ணிட்டு வா, வேலை எங்கயும் போகாது. என் பொண்ணு இதுக்குத்தான் டாக்டர். நாளைக்கே போய்க் காட்டு."

"பொம்பளை டாக்டரா சார்?"

"டாக்டர்கிட்ட என்னடா வெக்கம்?"

கும்பிட்டுத் திரும்பினான்.

"கொஞ்சம் நில்லு." நாற்காலியை விட்டு எழுந்த சூப்பர்வைசரின் இடது கை, தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. "இடது பக்கம் இறங்கினாலும் இதே வைத்தியம்தானான்னு, உனக்குக் கேக்கற மாதிரி கேட்டுட்டு வா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."