விட்டுப்போன பத்து மணி

“அந்த வியாழக்கிழமை உங்கள்ல யாரு சொல்லல?”

கோவில் கூடத்தில் எங்கள் நடுவே நின்று கேட்டாள் லுட்விகா.

மகனை மண்ணில் வைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆறு வயது யூலெக். மூளைக் காய்ச்சல்.

எங்கள் ஜெபமாலைக் குழுவில் இருபது பெண்கள். லுட்விகாவும் அதில் ஒருத்தி. நான்தான் தலைவி. மாதத்தின் முதல் ஞாயிறு கோவில் கூடத்தில் கூடி ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். சீட்டில் வந்த தேவ ரகசியத்தை, அதாவது இயேசு மாதா வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை, நினைத்துத் தினமும் ஜெபமாலையில் பத்து மணி உருட்டி ஜெபம் சொல்ல வேண்டும், அவரவர் இருக்கிற இடத்தில். இருபது பேரும் சொன்னால்தான் அன்றைக்கு மாலை முழுசு. ஒருத்தி விட்டாலும் மாலை அறுந்தது என்பது ஊர்ப் பேச்சு.

யூலெக் டார்னுவ் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அவனுக்காகத்தான் சொன்னோம். எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டான்.

“அத்தனை நாள் மாதா எம்புள்ளையைப் பிடிச்சு வச்சிருந்தா. வியாழக்கிழமை யாரோ கையை விட்டுட்டீங்க. யாரு?”

புதுசாக வந்திருந்த பங்குச்சாமி எழுந்தார். “லுட்விகா, மாதா அப்படியெல்லாம் எண்ணிப் பாத்து...”

“உங்களுக்குப் புள்ள உண்டா சாமி?”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க சொல்லுங்க, ஹென்ரிகா அக்கா.”

“சொன்னேன்டி.” நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னது சேர்த்தியா என்பது மாதாவுக்கே வெளிச்சம்.

வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். “சொன்னேன்.” “மாதா மேல சத்தியமா சொன்னேன்.” ஒருத்தி அழுதுகொண்டே ஆமென்று தலையை ஆட்டினாள். மேசையில் கசகசா கேக் அப்படியே இருந்தது.

கடைசியில் கதவோரம் ஃபெலிட்சியா. பியர்க்கடைக்காரி. வாயைத் திறந்தால் சிகரெட் நாற்றம். ‘இவளுக்கெல்லாம் ஜெபமாலை ஒரு கேடா?’ என்று அவள் சேர்ந்த அன்றைக்கே கேட்டவள் நான்.

“நீ?”

ஃபெலிட்சியா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் சொல்லல. கடையில கூட்டம். மறந்துட்டேன்.”

பளாரென்று விழுந்தது அறை. அவள் தடுக்கக்கூட இல்லை.

“பத்தே பத்து மணி! அஞ்சு நிமிஷம்! எம்புள்ளைக்கு அதுகூட இல்லையாடி உங்கிட்ட?”

லுட்விகா தரையில் விழுந்து கதறினாள். தூக்கப் போன எங்களையும் உதறினாள். பெற்றவள் அழுகிற அழுகையைப் பார்க்க எந்த ஜென்மத்துக்கும் வேண்டாம்.

அன்று ராத்திரிதான் அவள் இரண்டு வாய் சாப்பிட்டாளாம். தங்கைக்காரி சொன்னாள். மறுநாளிலிருந்து கல்லறைக்குப் போகும்போதெல்லாம் பியர்க்கடை வாசலில் நிற்பாள். “நல்லா இருப்பியாடி நீ? உருப்படுவியா?” என்று தொண்டை கட்டும்வரை திட்டிவிட்டுத்தான் நகர்வாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வராது.

கடைக்கு ஆள் போவது நின்றது. யாரோ சுவரில் ‘கொலைகாரி’ என்று எழுதினார்கள். குழுவிலிருந்து அவள் பெயரை அடித்தது என் கைதான். சும்மா சொல்லக் கூடாது, பேனாவை அழுத்தித்தான் அடித்தேன்.

சீட்டைத் திரும்ப வாங்க நானே போனேன். வாங்க மட்டுமா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான். கேட்பதற்கு விஷயமும் கிடைத்திருந்தது.

“கடையில கூட்டம்னியே. அந்த வியாழக்கிழமை உன் கடையே பூட்டியிருந்துச்சாமே? சாயங்காலம் டார்னுவ் பஸ்ஸுல நீ வந்து இறங்கினதா டிரைவர் சொல்றான். புள்ள சாகக் கிடக்குது, நீ எவனைடி பாக்கப் போன?”

ஃபெலிட்சியா சிகரெட்டை அணைத்தாள்.

“யூலெக்கை.”

சீட்டுக்கு நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டேன்.

“உள்ள விடல அக்கா. வெளியில பெஞ்சுல லுட்விகா உக்காந்தபடியே தூங்கிட்டிருந்தா. அத்தனை நாளாக் கண் மூடாதவ. எழுப்ப மனசு வரல. பக்கத்துல உக்காந்து என் பத்து மணியைச் சொல்லிட்டு, கடைசி பஸ் வரைக்கும் இருந்துட்டு வந்துட்டேன். நான் வந்ததே அவளுக்குத் தெரியாது.”

“அப்ப நீ சொன்னியா?”

“சொன்னேன்.”

“அடிப்பாவி! சொல்லிட்டுமா இல்லேன்னு அறை வாங்கின? ஊரே காறித் துப்புதேடி!”

“சவப்பெட்டியைக் கட்டிக்கிட்டு அவ அழுதாளே, கேட்டீங்களா? ‘வியாழக்கிழமை மத்தியானம் ஜெபமாலையைக் கையில எடுத்தேன், ஒரு மணிகூட உருட்டல, கண்ணு சொக்கிடுச்சு. விடியக்காலைல நர்ஸ் உலுக்கினப்ப எம்புள்ள இல்ல’ன்னு.”

“கேட்டேன். எல்லாருந்தான் கேட்டோம். அதுக்கென்ன இப்போ?”

ஃபெலிட்சியா கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

“எனக்கு முன்னாடி பதினெட்டு பேரும் சொன்னேன்னுட்டீங்க. நானும் சொன்னேன்னு சொல்லியிருந்தா, இருபதுல மிச்சம் யாருன்னு அவ எண்ணிப் பாத்திருப்பாளே, அக்கா?”