மூன்றடி ஓநாய்

கிறிஸ்டோ சட்டைப் பையிலிருந்த பேப்பரை எடுத்து மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டான்.

"அம்புட்டையும் பாதியாக்கிட்டேன் தம்பி. நீ பாத்து சரின்னு சொல்லிட்டா போதும்."

விமல் பேப்பரைத் தொடவில்லை. பகடைகளைக் கையில் குலுக்கிக்கொண்டே குனிந்து பார்த்தான்.

ராஜபாளையத்தில் விமல் வீட்டு முன்னறையில் ஞாயிறு மதியம்தோறும் நடக்கிற விளையாட்டு. கதையை நடத்துகிறவன் விமல். கிறிஸ்டோவும் விமலின் தங்கை பானுப்பிரியாவும் ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டி உருட்டி அந்தக் கதைக்குள் பிழைத்துக் கிடப்பார்கள்.

கிறிஸ்டோவின் கேரக்டர் சில்லான். மூன்றடிக் குள்ளன். பூட்டுத் திறப்பான், பொந்துக்குள் நுழைவான், தன்னைப்போல் நாலு மடங்கு இருக்கிறவனின் கால் கட்டைவிரலைக் குறிபார்த்துக் குத்துவான். மூன்று வருடமாகச் சாகாமல் இருக்கிறான்.

ஆறு நாள் சத்திரப்பட்டியில் தறி ஓட்டிவிட்டு, ஏழாம் நாள் சர்ச் முடிந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் கிறிஸ்டோ பஸ் ஏறுவது சில்லானுக்காகத்தான்.

போன வாரம் சில்லானை ஓநாய் மனிதன் கடித்துவிட்டான்.

கடிபட்டவனும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாய் ஆகவேண்டும். ஆனால் ரூல் புத்தகத்தில் இருக்கிற ஓநாய் ஆறடி ஆளுக்கானது. மூன்றடி உடம்புக்குள் அது அடங்காது.

அடங்குகிற மாதிரி ஒரு ஓநாயை நீங்களே எழுதிக்கொண்டு வாங்க, எனக்குப் பிடித்தால் சில்லான் இருப்பான், பிடிக்காவிட்டால் செத்தான் என்று விமல் சொல்லியிருந்தான்.

கிறிஸ்டோ வாரம் பூராவும் டீ நேரத்தில் உட்கார்ந்து எழுதினான். கடி பாதி. பலம் பாதி. உயிர்ப்புள்ளி நாற்பதுக்கு இருபது. ஓநாயாக இருக்கும்போதும் பானுவின் கேரக்டரைக் கடிக்காது என்று கடைசியில் ஒரு வரி, அதற்கு அடிக்கோடு.

விமலின் விரல் ஓர் இடத்தில் நின்றது.

"எல்லாம் பாதி. காது மட்டும் ஏண்ணே ரெண்டு பங்கு?"

"சின்ன உருப்படில்லா. சத்தம் கேட்டு ஓடித்தானப்பா பொழைக்கணும்."

விமல் சிரித்தான். "ஓநாய நம்ம ஊருக்குக் கொண்டாந்தா அது நாயிண்ணே. அதுலயும் சின்ன சைஸ்னா குட்டி. குட்டிக்கு எங்க வீட்டுல ஒரு டெஸ்ட் இருக்கே."

பானுப்பிரியா நிமிர்ந்தாள். "சும்மா இருண்ணே. அவியள விடு."

அந்த டெஸ்ட் தெருவுக்கே தெரியும். விமலின் அப்பா வெள்ளை நாய் வளர்த்து விற்கிறவர். அந்த வெள்ளையில் ஒன்றிரண்டு குட்டி செவிடாகவே பிறக்கும். ஒரு மாதம் ஆனதும் குட்டியை முதுகு காட்டி உட்காரவைத்து, பின்னால் நின்று தட்டில் கரண்டியால் ஒரு போடு போடுவார். திரும்பிப் பார்க்கிற குட்டிக்கு அன்றைக்கே பெயர் வைப்பார். திரும்பாததற்குக் கொல்லையில் குழி.

"பகடையெல்லாம் வேண்டாம்" என்றான் விமல். "சில்லானுக்குப் பதிலா நீங்களே உக்காருங்க. சத்தம் கேட்டதும் கையத் தூக்கணும். தூக்கிட்டீயன்னா சில்லான் பொழச்சான். காது ரெண்டு பங்கு என்ன, மூணு பங்கே தாரேன்."

"இல்லேன்னா?"

"குழிதான்."

கிறிஸ்டோவும் கூடச் சிரித்தான். முடியாது என்றால் விமல் ஏன் என்று கேட்பான்.

எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வந்தன. நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டதும் விமல்தான்.

ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தடியில் வெள்ளை நாய் ஒன்று படுத்திருந்தது. ரோஸ் மூக்கு முன்னங்கால் மேல் கிடந்தது. கண் மூடியிருந்தது.

கிறிஸ்டோவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாயின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இரண்டு வருடமாக அவன் இப்படித்தான் கேட்கிறான். தறிக்கூடத்தில் பக்கத்துத் தறிக்காரன் கழுத்து திரும்பினால் மேஸ்திரி கூப்பிடுகிறார். சர்ச்சில் முன்வரிசை எழுந்தால் ஜெபம். இந்த மேசையில் பேசுகிறவர்களின் உதடு. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் விமல் பின்னாலேயே வந்து நாலு தடவை கூப்பிட்டானாம். ஏதோ யோசனையில் போயிட்டேன் தம்பி என்று சமாளித்திருந்தான்.

நாய் அசையவில்லை.

ஒருவேளை தட்டிவிட்டானோ. நாய் நல்ல தூக்கத்தில் இருக்கிறதோ. திரும்பிப் பார்த்தால் போச்சு.

இன்னும் செத்த நேரம்.

நாயின் காது விறைத்தது. தலையைத் தூக்கி நேராக ஜன்னலைப் பார்த்தது.

கிறிஸ்டோ கையைத் தூக்கினான். விமலுக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று நன்றாக, தலைக்கு மேலே.

"கேட்டுச்சு தம்பி" என்றான். "நல்லாக் கணீர்னு கேட்டுச்சு."

தூக்கிய கையோடு திரும்பினான்.

தட்டு மேசையில் இருந்தது. கரண்டி அதற்குள் கிடந்தது. பானுப்பிரியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள்.

விமலின் உதடுகள், நாயை விசிலடித்துக் கூப்பிடுகிறவனுக்குக் குவிகிற மாதிரி, இன்னும் குவிந்தே இருந்தன.