லிஃப்டில் ஏறிய ஆபரேட்டர்

“கரண்ட் மொத்தமா போயிடுச்சு. டீசல் எஞ்சினும் கிளம்பல. உலையில தண்ணி மட்டம் இறங்கிக்கிட்டே இருக்கு. இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

கேட்டுவிட்டு, எலுமிச்சைத் துண்டு மிதந்த தேநீரை நிதானமாக உறிஞ்சினார் ரிம்மா லவோவ்னா. எதிரே இருந்த சவேலி போரிசோவிச்சுக்கு அந்தப் பனிக்காலத்திலும் வியர்த்தது.

பயப்பட வேண்டாம், உலை பத்திரமாகத்தான் இருந்தது. அணுமின் நிலையத்தைக் கட்டியவர்கள் கனவிலும் நினைக்காத விபத்தைக் கற்பனை செய்து, அப்போதும் ஊர் தப்புமா என்று கணக்குப் போட்டு எழுதுவது சவேலியின் உத்தியோகம். மாஸ்கோவில் உட்கார்ந்து அந்த அறிக்கையைக் குதறுவது ரிம்மாவின் உத்தியோகம்.

ஏற்கெனவே இரண்டு முறை குதறித் திருப்பி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு முறையும் சவேலி ரயிலேறி வந்து, நேரில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

“மொதல் தடவை ஞாபகம் இருக்கா? கரண்டே இல்லன்னு ஆரம்பத்துல எழுதிட்டு, நாலு பக்கம் தள்ளி பம்பை ஓட விட்டீங்க!”

“மன்னிக்கணும், ரிம்மா லவோவ்னா.”

“ரெண்டாவது அதைவிட அழகு. வால்வைக் கையால தெறக்க ஆபரேட்டர் மேல போறான். எதுல போறான்? லிஃப்ட்ல! கரண்ட் இல்லாத லிஃப்ட்டை யாரு தூக்கிவிட்டா? நீங்களா?”

பக்கத்து மேஜைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சவேலி தன் புது டையைத் தளர்த்திக்கொண்டார்.

ரயிலேறும் முன் மேலதிகாரி ஆர்காடி போட்ட சத்தம் அவர் காதிலேயே இருந்தது. “யோவ், அடுத்தவன் கணக்குல ஒரு புள்ளி தவறினாலும் மோப்பம் பிடிக்கிற ஆளு நீ. உன் கணக்குல மட்டும் எப்படிய்யா கோட்டை விடறே? இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் உனக்கு மாஸ்கோ பக்கமே வேலை கிடையாது!”

அந்தக் கடைசி வாக்கியம்தான் சவேலியைக் கலக்கியது.

“கேட்டதுக்குப் பதில் வரலையே?” என்றார் ரிம்மா.

“ஆபரேட்டர் படியேறிப் போறான். கையில டார்ச். வால்வைத் தெறந்தா, மேல் தொட்டித் தண்ணி தானா கீழ இறங்கும். பம்பே வேண்டாம்.”

“டார்ச் எரியலன்னா?”

“சட்டைப் பையில இன்னொண்ணு.”

“வால்வு துருப்பிடிச்சு இறுகிப்போச்சு?”

“பக்கத்துலயே ரெண்டாவது வால்வு.”

“ஆபரேட்டருக்கு மூட்டுவலி?”

“தனியா அனுப்ப மாட்டோம். கூட ஒரு ஆள் உண்டு.”

ரிம்மா கடைசிப் பக்கம் வரை புரட்டினார். நம்பிக்கையில்லாமல் திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். கையிலிருந்த சிவப்புப் பென்சிலுக்கு வேலையே வரவில்லை.

“ஒண்ணும் இல்லையே...” என்றார். அந்தக் குரலில் ஏனோ சந்தோஷம் இல்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். சவேலியோ துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி எழுந்து, கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கையுறையை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டார்.

“அப்போ... இனிமே நான் வர வேண்டியதில்ல?”

“அதான் கையெழுத்துப் போட்டாச்சே.”

தலையை ஆட்டிவிட்டுக் கதவு வரை போனார். பக்கத்து மேஜைப் பெண்கள் சாப்பிடப் போய்விட்டார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்ட ரிம்மா, முதல் முறையாக, ‘போரிசோவிச்’ என்ற அப்பா பெயரைச் சேர்க்காமல் அவரைக் கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, சவேலி. அதுக்கு வேணும்னே தப்பு பண்ணிட்டு வர வேண்டாம்!”