பச்சை ஜாடி

"தொட்டுப் பாருங்க சார், பரவாயில்ல. கையில எடுத்துப் பார்க்கத்தானே எல்லாரையும் உள்ள விடுறோம்" என்றான் கண்ணாடிக்காரன்.

வாசலோர மேசையில் முன்னால் நின்ற பச்சை ஜாடியைக் கடிகாரக்காரர் பார்த்தார். அவர் வந்ததே எதையாவது உடைக்கத்தான். ஆனால் கை வரவில்லை. கடுகளவு திருகாணியைக்கூடத் தவறவிடாமல் கடிகாரம் பழுது பார்த்த கை அது. வேண்டுமென்றே ஒரு பொருளைக் கீழே போடு என்றால் அதற்கு எங்கே தெரியும்?

அந்தத் தெருவின் கண்ணாடிக் கலைஞர்கள் எல்லாரும் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பட்டறையைத் திறந்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து வேடிக்கை பார்க்கலாம். இவருக்கு அது மாப்பிள்ளை பார்க்கும் படலம். கட்டினால் இந்தக் கண்ணாடிக்காரனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். ரொம்ப நல்லவன் என்று அவள் சொல்லிவிட்டால் ஆச்சா? அவருடைய தங்கை புருஷனும் பெண் பார்க்க வந்த அன்று பூனை மாதிரிதான் உட்கார்ந்திருந்தான். கல்யாணமான மாசமே, சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தான். தங்கையின் நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நாள் முழுக்க உலை முன்னால் வேகிறவனுக்குக் கோபம் எப்படி இருக்கும்? அவன் பொருளில் கை வைத்தால்தானே தெரியும். "பழைய சுவர்க்கடிகாரம் ஒண்ணு விலைக்கு வருதாம், பார்த்துட்டு வரேன்" என்று வீட்டில் புளுகிவிட்டுக் கிளம்பியிருந்தார். விரலில் கட்டோடு துணி தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"போயிட்டு வாங்க. அந்த நல்ல சட்டையப் போட்டுக்கங்க."

கடிகாரம் பார்க்க எதற்கு நல்ல சட்டை என்று அவர் கேட்கவில்லை. புளுகுகிற நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவர் என்ன பைத்தியமா?

சந்தேகம் வரக் கூடாதென்று முதலில் பக்கத்துப் பட்டறைகளில் ஜன்னல் கண்ணாடியையும் பாசிமணியையும் ஒப்புக்குப் பார்த்துவிட்டுத்தான் இங்கே நுழைந்தார். கண்ணாடிக்காரன் அப்போது நீளக் குழாயின் நுனியில் தேனாகத் தொங்கிய கண்ணாடியை ஊதி, உருட்டி, கிண்ணமாக்கிக்கொண்டிருந்தான். கடைசி நேரத்தில் அது கோணிக்கொண்டது. முகம் சுளிக்காமல் தட்டி உடைத்து வாளியில் போட்டான். மறுபடி உருக்கிக்கொள்ளலாமாம். சரி, பொறுமைக்கு ஒரு மார்க். ஆனால் அது அவனாகக் கெடுத்தது. அடுத்தவன் கெடுத்தால்?

கடிகாரக்காரர் ஜாடியை எடுத்தார். பச்சை நிறத்தில் மெல்லிய கோடுகள் வலை பின்னியிருந்தன.

"இந்தக் கோடெல்லாம் அழகா இருக்கே தம்பி."

"ராத்திரியெல்லாம் உக்காந்த வேலை சார்" என்று அவன் சிரித்தான்.

அடப்பாவமே என்று இருந்தது. திருப்பி வைத்துவிட்டுப் போய்விடலாமா? தங்கையின் நெற்றி நினைவுக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு விரல்களை விட்டார்.

ஜாடி சுக்குநூறானது.

"ஐயோ, கை தவறிடுச்சு தம்பி."

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். ஒரு சுருக்கம் விழவில்லை.

"அப்படியே நில்லுங்க சார். செருப்புல ஏறிடும்." குனிந்து அவர் காலைச் சுற்றிப் பெருக்கினான். "கைய காட்டுங்க. எங்கயாச்சும் கீறிடுச்சா?" ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான். தண்ணீர் கொண்டுவந்தான்.

"கோபமே வரலயா உனக்கு?"

"உடையுற சாமானச் செஞ்சுட்டு, உடைஞ்சா கோபப்பட்டா எப்படி சார்?"

"விலையச் சொல்லு, கொடுத்துடறேன்."

"வேணாம் சார். நேத்தே ஒருத்தங்க கொடுத்துட்டாங்க."

"அடடா, அடுத்தவங்க ஜாடியா? வந்து கேட்டா என்ன பண்ணுவே?"

"கேக்க மாட்டாங்க சார். நல்லவங்க."

அள்ளிய துண்டுகளை அவன் வாளியில் போடாமல் குப்பையில் கொட்டினான். "இது உருக்க ஆகாது" என்றான். பாவம், அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை உருக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியிருந்தது. தெருவில் எதிரே வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தார். படியேறியதும் மனைவியிடம் புளுகிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"தங்கமான பையன். கண்ண மூடிக்கிட்டு நம்ம பொண்ணக் கொடுக்கலாம். இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"பச்ச ஜாடிதானே?" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"அது முழுசா இருந்தப்ப நேத்து நான் போட்டு உடைச்சேன். கீறினதுக்கு இந்தக் கட்டப் போட்டுவிட்டதே அவன்தான். அப்புறம்தான் நான் யாருன்னு சொல்லி, பணத்தக் கொடுத்து, 'நாளைக்கு எங்க வீட்டுக்காரரும் இதே வேலையா வருவாரு, இன்னொரு நல்ல ஜாடி வீணாப் போக வேணாம், இதையே ஒட்டி முன்னால வச்சிடுப்பா'ன்னு சொல்லிட்டு வந்தேன்."