திரும்பிய கால் மருமகள்

இலுப்பை மரத்துப் பேய் இருளாயி, இளைய மகன் காத்தமுத்துவுக்குப் பெண் பார்க்க வடக்கே ஒரு மலைக்குகைக்குப் போனாள். அவள் குலத்தில் யாருக்கும் கால் கிடையாது. மிதந்தே போனாள். கூடவே தரகர் ஆந்தை.

பெண் பஜ்ஜித் தட்டோடு வந்தாள். முகம் லட்சணம்தான். ஆனால் குதிகால் முன்னாலும் விரல்கள் பின்னாலும் இருந்தன.

“என்ன தரகரே, கால் திரும்பியிருக்கு! சொல்லவே இல்லையே?”

“உங்க மகனுக்குக் காலே இல்லைன்னு எங்ககிட்டயும்தான் சொல்லலை அத்தை,” என்றாள் பெண்.

ஆந்தை அவசரமாக ஒரு பஜ்ஜியை வாயில் அடைத்துக்கொண்டது.

“கால் இல்லாதது எங்க குலப்பெருமை! இவ தடத்தைப் பார்த்தா அக்கம்பக்கத்துப் பேயெல்லாம் சிரிக்கும். இந்தச் சம்பந்தமே வேண்டாம்!”

பெண் தட்டை ‘ணங்’கென்று வைத்துவிட்டு விடுவிடுவென வெளியே போய்விட்டாள்.

இருளாயியும் கிளம்பினாள். வாசல் புழுதியைப் பார்த்ததும் நின்றாள்.

“போனவளோட தடம் எங்கே? உள்ளே வந்த தடம்தானே இருக்கு?”

“அதுதாம்மா போன தடம்,” என்றது ஆந்தை.

இருளாயி யோசித்தாள். மூத்த மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனதை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“அப்போ இவ எங்கூட சண்டை போட்டுட்டுப் போனாலும், பார்க்கிறவங்க மருமக வந்திருக்கான்னுதானே நினைப்பாங்க?”

“சத்தியமா!”

“என் மருமகளைக் கூப்பிடுங்க. பஜ்ஜி ஆறுது.”

பெண் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். புழுதியில் புதிதாக, வெளியே போகிற தடம் பதிந்தது.

இருளாயி பார்ப்பதற்குள் ஆந்தை அதை இறக்கையால் கூட்டிவிட்டது.