இரண்டாவது பாட்டில்

“ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கு சார். இன்னொண்ணு வர ஒரு வாரமாவது ஆகும்” என்று நர்ஸ் கையை விரித்தாள்.

அவனுக்கு இரண்டு பாட்டில் வேண்டும். ஐந்து வயது மகள் சுண்டுவுக்கு வயிற்றில் கட்டி. நாளைக் காலை கதிர்வீச்சு உள்ள அயோடினை அவள் நரம்பில் ஏற்றப் போகிறார்கள். ஏற்றிய பிறகு சில நாட்களுக்கு அவள் உடம்பே கதிர் வீசும். ஈயம் பதித்த சுவர்களுக்குள் தனி அறை. கூட இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் சொட்டு மருந்தை இன்றைக்கே குடிக்கத் தொடங்க வேண்டும். அதுவும் அயோடின்தான், சாதாரண அயோடின். கழுத்திலுள்ள தைராய்டை அது முன்கூட்டியே நிரப்பிவிட்டால், கதிர் வீசும் அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது.

“அப்போ நான் ஒருத்தனே எல்லா நாளும் உள்ள இருந்துக்கறேன்.”

“முடியாது சார். மருந்து குடிச்சாலும் உங்க உடம்பு தாங்கறதுக்கு ஓர் அளவு இருக்கு. பகல்ல ஒருத்தர், ராத்திரி ஒருத்தர். ஆள் இல்லேன்னா குழந்தை ராத்திரி தனியாத்தான் படுக்கணும். கேமராவுல நாங்க பாத்துக்குவோம்.”

“இருட்டுன்னா அலறுவா சிஸ்டர்! ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன்.”

“குழந்தைக்கான மருந்து வந்து இறங்கியாச்சு. வச்சிருந்தா வீரியம் போயிடும்.”

மனைவி நிறைமாத கர்ப்பிணி. இந்த வராந்தாப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்று முழுக்கச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுப் பார்த்திருந்தான். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு மகனின் பரீட்சை. இன்னொருவர் ‘கதிர்வீச்சு’ என்ற வார்த்தையைக் கேட்டதுமே ‘சிக்னல் சரியில்லப்பா’ என்று வைத்துவிட்டார்.

வந்து நின்றது, அவன் கூப்பிடாத ஒரே ஆள். அக்கா.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் வேறு ஊரில் வேலை பார்ப்பவள். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, கையில் ஒரு பை. பெஞ்சின் அந்தக் கோடியில் சுண்டுவை மடியில் வைத்துக்கொண்டு கதை அளந்துகொண்டிருந்தாள்.

“அந்த ரூம் கட்டில்ல படுத்துக்கிட்டு ஜன்னலைப் பாத்தேன்னு வை, பச்சைக் கலர்ல ஒரு தண்ணித் தொட்டி தெரியும். அது மூடி மேல ரெண்டு காக்கா சண்டை போடும்.”

“எதுக்கு அத்தை?”

“நீ தள்ளி உக்காரு, நீ தள்ளி உக்காருன்னுதான்.”

சுண்டு சிரித்தாள். அவனுக்கு எரிச்சல் வந்தது. வாயாலேயே பந்தல் போடுகிறாள்!

அக்கா எழுந்து வந்தாள். “பாட்டிலைத் தம்பிக்கே கொடுத்துடுங்க சிஸ்டர். ராத்திரிக்கு நான் இருக்கேன்.”

“சொட்டு மருந்து குடிக்காம உள்ள விடமாட்டோம்மா.”

“எனக்கு அது வேண்டாம்.”

இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது அவன் வாயில் வந்துவிட்டது. “என்னக்கா, தியாகி பட்டம் வாங்கப் பாக்கறியா? என் கல்யாணத்துக்கு ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு முகூர்த்த நேரத்துக்கு வந்தவதானே நீ? பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்க முடியல உனக்கு. எட்ட இருந்தே கையாட்டிட்டு, சாப்பிடாமக்கூடப் போயிட்டே. இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு பாசம்?”

“அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுடா” என்றாள் அக்கா.

“தொண்டை கட்டினா போட்டோவுல தெரியுமா?”

அக்கா நர்ஸ் பக்கம் திரும்பினாள். “டாக்டரைப் பாத்துட்டு வரேன் சிஸ்டர், நீங்களும் வாங்க” என்று உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது, “விடறேன்னுட்டாங்க” என்றாள்.

“எப்படி? என்ன சொன்னே?”

“கெஞ்சினேன்.”

“உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“எனக்கு என்னடா ஆகப் போகுது? நான் கெட்டியான ஆளு. நீ முதல்ல மருந்தைக் குடி.”

மறுநாள் பகல் முறை அவனுடையது. ஈயத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, மகள் தூங்குவதையும் விழிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டப் போய் அணைத்துக்கொள்ள முடியவில்லை. நாலு எட்டில் இருக்கும் குழந்தை நாலு ஊர் தள்ளி இருப்பதுபோல் இருந்தது.

“அப்பா! பச்சைத் தொட்டி! காக்கா கூட இருக்கு!” என்று கத்தினாள் சுண்டு.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மூடியின் மேல் இரண்டு காக்கைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. இந்த ஜன்னலைத் தவிர வேறெங்கிருந்தும் அந்தத் தொட்டி தெரியாதே? அக்கா எப்போது பார்த்தாள்?

மாலையில் அக்கா வந்தாள். கதவருகே ஒதுங்கி வழிவிட்டு, “சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். “அத்தை!” என்ற கூவல் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது.

கருவியால் அவன் உடம்பைச் சோதித்துக்கொண்டிருந்த நர்ஸிடம் கேட்டான். “சொட்டு மருந்து இல்லாம எங்கக்காவை எப்படி சிஸ்டர் விட்டீங்க?”

நர்ஸ் அவனை வியப்போடு பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதா? அது தைராய்டைக் காப்பாத்தற மருந்து. அவங்களுக்குத்தான் தைராய்டே இல்லையே! ஆபரேஷன்ல எடுத்துட்டு, ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி அயோடினைக் குடிச்சுட்டு இதே கட்டில்ல தனியாக் கிடந்தாங்க. நேத்து டாக்டர்கிட்டக் காலரை இறக்கித் தழும்பைக் காட்டினப்போதான் எனக்கே அடையாளம் தெரிஞ்சுது.”

அவன் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“பார்க்க ஒரு ஆள் வரல சார். ‘வெள்ளிக்கிழமை தம்பிக்குக் கல்யாணம், அதுக்குள்ள என்னை வெளிய விட்டுடுங்க சிஸ்டர், யார் பக்கத்துலயும் போகாம எட்டியே நின்னுக்கறேன்’னு என்னைத்தான் தினமும் கெஞ்சிக்கிட்டிருந்தாங்க.”