துவரைக்கு நடுவே

"விடு லதா, எல்லாம் படுத்துருச்சு. நான் போயி ஜெகதீஷைப் பார்த்து வேற விதை வாங்கிட்டு வந்துர்றேன்."

"ஒரு விதையும் வேணாம். அந்தக் குச்சிக் கட்டை எடுத்துட்டு வாங்க!"

சுமலதா தொப்பலாக நனைந்து சேற்றில் மண்டியிட்டிருந்தாள். சாய்ந்து கிடந்த செடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆலங்கட்டி மழை ஓய்ந்தும் தூறல் விடவில்லை. ஜவளகிரிக் காட்டை ஒட்டிய அந்த நிலத்தில் பாதித் துவரை தரையோடு தரையாகிவிட்டது. அவள் துவரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வரப்பில் நின்ற மணிவேலுக்கு நம்பவே முடியவில்லை. இவளா அவள்?

ஓசூர் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை போனதும் சொந்த ஊரான சிவகங்கைக்குத் திரும்ப வெட்கப்பட்டு, மாமனார் நிலத்துக்கு வந்து சேர்ந்தவன் மணிவேல். மெஷின் ஓட்டத் தெரியும்; கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்டவனை டீக்கடையில் பிடித்தான், கர்நாடகப் பக்கத்து ஜெகதீஷ். துவரைக்கு நடுவே கஞ்சா போட்டால் ஒரே அறுவடையில் சொந்த லோடு வண்டி என்று ஆசை காட்டினான். செடி எப்படி இருக்கும் என்று செல்போனில் ஒரு படமும் காட்டினான். விரல் விரித்த கை மாதிரி இலை. மணிவேலின் கஞ்சா ஞானம் அவ்வளவுதான்.

விதைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்த அன்று சுமலதா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"ஜெயிலுக்குப் போறதுன்னா நீங்க மட்டும் போங்க! நாளைக்கு நம்ம பொண்ணைப் பள்ளிக்கூடத்துல என்னன்னு கூப்புடுவாங்க? கஞ்சாக்காரன் மகள்னுதானே?"

அவன் அசையவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, ஒருநாள் அவளே வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க இப்புடி. உங்களுக்கு விதைக்கவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நானே பார்த்துக்கறேன்."

அன்று பிடித்த பிடிவாதம்தான். களை எடுத்தது அவள். யானை இறங்கிய மாலைகளில் தகரத்தைத் தட்டி விரட்டியது அவள். இன்று ஆலங்கட்டிக்கும் அசராமல் நிற்பதும் அவள்தான்.

"இவ்ளோ கஷ்டம் எதுக்கு லதா? புதுசாப் போட்டா ஒரு வேலையா முடிஞ்சுரும்ல?"

"புதுசுங்கற பேச்சே எடுக்காதீங்க. இதுதான் நிக்கணும். இது நின்னாத்தான் நம்ம குடும்பம் நிக்கும். கயிறைப் பிடிங்க!"

அவள் கையெல்லாம் தண்டின் சுணை கீறிச் சிவந்திருந்தது. அவனுக்குப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நம்மைவிட இவளுக்கு வண்டி ஆசை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போனதும் சுடச்சுட ராகிக் களி, புளிப்பாய் ஒரு துவையல்.

"தினமும் இதே துவையல்தானா?"

"பிடிக்கலைன்னா விடுங்க."

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா? இன்னொரு உருண்டை வையி."

மழை போய் வெயில் வந்தது. கட்டிவிட்ட செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. மொட்டு வைத்துவிட்டது, அறுத்துவிடலாம் என்று சுமலதா சொன்ன காலையில் மணிவேல் அரிவாளைத் தீட்டிக்கொண்டு இறங்கினான். பாதி அறுத்திருப்பான், மண் பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஜெகதீஷின் கார் என்று நினைத்துத் தலையைத் தூக்கினான்.

போலீஸ் ஜீப்.

"யாருய்யா மணிவேல்?" என்றபடி இன்ஸ்பெக்டர் இறங்கினார். "ஜெகதீஷ் செக்போஸ்ட்ல மாட்டிட்டான். விதை வாங்கின எல்லார் பேரையும் கக்கிட்டான். எங்க செடி?"

செடி எங்கே என்று காட்ட வேண்டுமா என்ன, மணிவேலின் காலடியிலேயே குவிந்து கிடந்தது. மகள் முகம் நினைவுக்கு வந்தது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கைகளை நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து ஓர் இலையைக் கிள்ளினார். கசக்கி மோந்து பார்த்தார். சந்தேகத்தோடு இன்னொன்றைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் சுருங்கியது.

"ஏம்மா, இது புளிச்சக்கீரைதானே?"

"ஆமாங்க சார்," என்றாள் சுமலதா. "எங்க வீட்டுல கோங்கூரான்னு சொல்லுவோம். ரெண்டு கட்டு கட்டித் தரட்டுங்களா?"

துவரை முழுக்கப் புகுந்து தேடினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. "இனிமே எவன்கிட்டயும் எதையும் வாங்காதே, தெரியுதா?" என்று மணிவேலை ஒரு பிடி பிடித்துவிட்டு ஜீப் போய்விட்டது. கீரைக்கட்டும் கூடவே போனது.

மணிவேல் அப்படியே வரப்பில் உட்கார்ந்தான்.

"அந்த விதை?"

"உங்க கையில வாங்கின அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். இதோட இலையும் விரல் விரிச்ச கை மாதிரிதான். இத்தனை நாளா களிக்குத் தொட்டுக்கிட்டது என்னன்னு நினைச்சீங்க?"

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அது சரி லதா. வெறும் கீரைக்காகவா அந்த ஆலங்கட்டி மழையில உசிரைக் குடுத்தே?"

"கீரைக்காகவா?" கீறல் காய்ந்த கையால் அவன் கன்னத்தைத் துடைத்தாள் சுமலதா. "அது செத்திருந்தா, நீங்க அன்னைக்கே வேற விதைக்குப் போயிருப்பீங்களே!"